இருபத்தொன்றாம் பல்லில் ஒரு பள்ளம்

13.

இந்தக் கதையை நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். வியப்பில் அல்ல. கீழ்க் கடைவாயில் சொத்தை. லெபனானின் தராபுலுஸ் நகரத்தில், மினா துறைமுகத்துக்குப் போகும் சாலையில், டாக்டர் வஸீமின் கிளினிக் நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். ஒரு கன்னத்தில் பஞ்சு, மறு கன்னத்தில் எச்சில் உறிஞ்சும் குழாய். டாக்டர் என் பல்லைக் குடைந்துகொண்டே தன் அத்தையைப் பற்றி நர்ஸ் ஜுமானாவிடம் புலம்பிக்கொண்டிருந்தார். ஒரு கேள்வி கேட்க எனக்கு வழியில்லை. கேட்டாலும் "ஆ" என்றுதான் வந்திருக்கும்.

ஆகவே கதையில் எங்கெல்லாம் ஓட்டை இருந்ததோ அங்கெல்லாம் நானே அடைத்திருக்கிறேன். எது அசல், எது அடைப்பு என்று நீங்கள் நாக்கால் தடவிப் பார்த்தாலும் தெரியக்கூடாது. தெரிந்தால் என் வேலை சுத்தமில்லை.

(இங்கே பற்களைவிடப் பல் டாக்டர்கள் அதிகம். எங்கள் கட்டடத்தின் லிஃப்டில் நான் கொட்டாவி விட்டால் நான்கு பேர் எட்டிப் பார்ப்பார்கள். நான்கு என்பது மிகை. மூன்று.)

அத்தியாய எண்களைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். பல் டாக்டர்கள் வாயை நான்கு பேட்டையாகப் பிரித்து எண் போட்டிருக்கிறார்கள். மேல் வலப்பக்கம், நடுவிலிருந்து கோரைப்பல் வரை 11, 12, 13. மேல் இடப்பக்கம் 21, 22, 23. இந்தக் கதையும் அந்த ஆறு பற்கள்தான். இருபத்தொன்று மட்டும் வரிசைப்படி வராது. அது உடைந்த பல். கடைசியில்தான் வைக்க முடியும், வைத்தால்.

12.

எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: "மத்தியதரைக் கடலின் மாலைச் சூரியன் இன்ஸாஃப் அம்மாளின் கன்னத்தில் தங்கத்தைப் பூசியபோது..." [வேண்டாம். அவள் அந்த வெயிலைத் திட்டிக்கொண்டு பழைய போர்வையைக் கொடியில் போட்டு மறைத்திருந்தாள்.]

இரண்டாவது: "அறுபத்தாறு வயதில் ஒரு பெண்ணின் முன்பல் உடையும்போது, உடைவது பல் மட்டுமல்ல —" [பல் மட்டும்தான். இப்படி எழுதுகிறவர்களின் பல்லைத்தான் முதலில் உடைக்க வேண்டும்.]

மூன்றாவது தொடக்கம் ஒரு சத்தம்.

டிக்.

வறுத்து உப்புப் போட்ட தர்பூசணி விதையை முன்பற்களுக்கு நடுவே நிறுத்தி உடைக்கும் சத்தம். மினாவில் மாலையானால் எல்லாப் பால்கனியிலும் இந்தச் சத்தம்தான். கடல் அலை கேட்காது. டாக்டரின் அத்தை இன்ஸாஃப், ஊர் வழக்கப்படி மூத்த மகன் பெயரால் உம் ரியாத், இந்தக் கலையில் பட்டத்து ராணி. விதையைப் பற்களுக்கு இடையே செங்குத்தாக நிறுத்துவாள், டிக், நாக்கு பருப்பை உள்ளே இழுக்கும், தோல் இரண்டும் பால்கனிக்கு வெளியே பறக்கும். அவள் துப்பிய தோல்களால்தான் துறைமுகம் மேடாகிப்போனது என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். முழுதாக நம்பாமலும் இருக்காதீர்கள்.

இத்தனை வருடம் விதை உடைத்து உடைத்து அவளுடைய இடது முன்பல்லின் விளிம்பில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. சின்ன அரைவட்டம். விதை அதில் போய்த் தானாக உட்காரும், பழகிய வாடிக்கையாளர் நாற்காலியில் உட்காருவதுபோல.

அன்று விதை உட்கார்ந்தது. டிக் என்பதற்குப் பதில் வேறொரு சத்தம் வந்தது.

"என்ன அது?" என்றார் பக்கத்தில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவர் ஹாஜி முனீர்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு வாயப் பொத்துற?"

அவள் வாயிலிருந்ததை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தாள். ஒரு பருப்பு, இரண்டு தோல், வெள்ளையாக ஒரு துண்டு. ஹாஜியார் கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பழக்கதோஷத்தில் கையை நீட்டி அந்த வெள்ளைத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சிறிது நேரம் சப்பினார்.

"இது வறுபடவே இல்லையே, உம் ரியாத்" என்றார்.

11.

இனி கிளினிக். இங்கே எனக்கு ஒரு வில்லன் வேண்டும். டாக்டர் வஸீம்தான் வாகான ஆள். பணத்தாசை, பளபளக்கும் சிரிப்பு, சுவரில் தன்னுடைய படமே ஐந்து. ஆனால் என் சொத்தைப் பல்லை அவர் அடைத்த அழகைப் பார்த்துவிட்டு அவரை வில்லனாக்கினால் அந்தப் பல்லே என்னைக் கடிக்கும். இன்ஸாஃபின் தம்பி மகன். அத்தை மேல் உயிர். அந்தப் பாசம்தான் இங்கே அபாயகரமான கருவி.

"வா, அத்தை" என்றபடி நாற்காலியில் ஏறினாள் இன்ஸாஃப்.*

(*பிழையல்ல. இங்கே பெரியவர்கள் தங்களுக்குரிய முறைப் பெயரையே சின்னவர்களுக்கும் சூட்டிக் கூப்பிடுவார்கள். நாம் மகளை "வாம்மா" என்பதில்லையா, அதுபோல.)

வஸீம் கண்ணாடிக் குச்சியை விட்டுப் பார்த்தார். "நரம்பு வரைக்கும் போயிருக்கு. ரூட் கேனால் பண்ணி, உள்ள ஒரு தூண் நட்டு, மேல கேப் போட்டுடலாம்."

"போடு."

"போடுறேன். ஆனா அத்தை, கல்யாணம் வருதில்ல?"

வந்துகொண்டிருந்தது. அவள் மகன் ரியாத் மணமுடிப்பதற்காக சிட்னியிலிருந்து வந்திருந்தான். வெளிநாட்டிலிருந்து கோடையில் வருகிறவர்கள் எல்லோரும் செய்வதையே அவனும் செய்தான்: தாயைக் கட்டிப்பிடிக்கும் முன் பல் டாக்டரைப் பார்த்தான். மேல் வரிசை முழுக்கத் தேய்த்துப் புது உறை. பெண் வீட்டில் பெண், அவள் அம்மா, அவள் அப்பா, எல்லோருக்கும் அதே வெள்ளை. அந்தக் குடும்பம் ஒன்றாகச் சிரித்தால் எதிரே வரும் லாரிக்காரன் விளக்கைத் தணிக்கச் சொல்லி ஹாரன் அடிப்பான். கல்யாணப் படத்தை நகர எல்லையில் பெரிய விளம்பரப் பலகையாக வைக்க வஸீம் இடம் பேசிவிட்டார். வாசகம்கூடத் தயார்: "குடும்பமே சிரிக்கட்டும்!"

"நடுவுல நீங்க மட்டும் மஞ்சளா நின்னா?" என்றார் வஸீம். "மேல பத்துப் பல்லு, அத்தை. மத்த ஒம்பதையும் லேசா தேய்ச்சு, அது மேல ஒரே மாதிரி —"

"அந்த ஒம்பதுக்கும் என்ன நோவு?"

"நோவெல்லாம் இல்ல. அழகு."

"நோவில்லாததை எதுக்குடா தேய்க்கிற?"

"எல்லாரும் பண்ணிக்கிறாங்க."

"உனக்குப் பால்பல் விழுந்தப்ப மொட்டைமாடிக்குக் கூட்டிட்டுப் போயி, சூரியனைப் பாத்து வீசச் சொன்னது யாரு? கழுதைப் பல்ல எடுத்துக்கிட்டு மான் பல்லக் குடுன்னு கேட்டியே. குடுத்துச்சா?"

"குடுக்கல. அதான் இப்ப ஊருக்கெல்லாம் மான் பல்ல நான் போட்டுவிடுறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க வாய் திறந்ததும் ஊசியைப் போட்டுவிட்டார். இது தொழில் தந்திரம், என்னிடமும் செய்தார்.

ரூட் கேனால் முடிந்தது. உடைந்த பல்லில் தூண் நட்டாயிற்று. உதடு மூக்கெல்லாம் மரத்துப்போய் அவள் கண்ணை மூடிக் கிடந்தாள். வஸீம் கருவியில் முனையை மாற்றினார். உடைந்த பல்லுக்குப் பக்கத்தில் நின்றது பதினொன்று, ஒரு கீறலில்லாத பல். அதன் விளிம்பில் சும்மா ஒரு தொடுதல். பத்தையும் முடித்துவிட்டால் அத்தை கண்ணாடியைப் பார்த்து அழுது முத்தம் கொடுப்பாள் என்று அவர் மனதார நம்பினார்.

இன்ஸாஃபின் உதடு மரத்திருந்தது. காது மரக்கவில்லை. கருவியின் சத்தம் இடம் மாறியதை அவள் கேட்டாள்.

கடித்தாள்.

அவர் விரலை எத்தனை நேரம் விடாமல் பிடித்திருந்தாள் என்பதில் மூன்று பிரதிகள் உண்டு. ஜுமானா சொன்னது: அரை நிமிடம். டாக்டர் சொன்னது: ஐந்து நிமிடம். நான் சொல்வது: அடுத்த இரண்டு நோயாளிகளை அவர் ஒற்றைக் கையால் பார்த்து அனுப்பினார், மறு கை அத்தையின் வாயில்.

"ஒண்ணுன்னேன்" என்றாள் விட்ட பிறகு, கோணிய உதட்டோடு. "ஒரே ஒரு பல்லு. பக்கத்து வீட்டுக் கதவத் தட்டினே, கைய வெட்டிக் கடலை வறுக்கிறவன் சட்டியில போட்டுருவேன்."

22.

(இருபத்தொன்றின் இடம் காலி. தாண்டி வாருங்கள்.)

கதை இதுவரை வந்தபோது என் வாயில் அடைப்பு பாதி ஆகியிருந்தது. கதவு திறந்தது. கதாபாத்திரம் உள்ளே வந்தது.

எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய தொல்லை கிடையாது. நான் மனதில் அவளை உயரமாக, மெலிந்த, கண்களில் ஆழமான — [விடுங்கள்.] குள்ளம். கையில் ஒரு காகிதப் பொட்டலம், ஒரு ஃப்ளாஸ்க் காபி. வாயில் பரிசோதனைக்காக லேசாக ஒட்டி அனுப்பிய புதுக் கேப்.

"இதான் என் பல்லா?" என்றாள். "குளியலறை ஓடு மாதிரி இருக்கு."

வஸீம் பெருமூச்சு விட்டுப் பல் நிறங்களின் மாதிரி விசிறியை அவள் முன் விரித்தார். வெள்ளையிலிருந்து மஞ்சள் வரை குட்டிக் குட்டிப் பற்கள். அவள் கடைசிப் பல்லைத் தொட்டாள்.

"இதுக்கும் மேல மஞ்சள் இல்லையா?"

"அதான் கடைசி, அத்தை. அதுவே யாரும் கேட்டதில்ல. கேப் செய்யிற இடத்துல சிரிப்பாங்க."

"அவங்ககிட்ட இதக் காட்டு." ஃப்ளாஸ்க்கை மேசையில் வைத்தாள். "இதுல நாப்பது வருஷம் ஊறின கலர்னு சொல்லு."

"சரி, மஞ்சள் பண்ணிடலாம். முடிஞ்சுதா?"

"எங்க முடிஞ்சுது?" பொட்டலத்தைப் பிரித்தாள். விதை. ஒன்றை எடுத்துப் பல்லிடையே நிறுத்தினாள். புதுப் பல்லின் விளிம்பு நேராக, வழவழவென்று இருந்தது. விதை வழுக்கியது. மறுபடி வைத்தாள், வழுக்கி என் நெற்றியில் விழுந்தது.

"பாத்தியா? உக்கார மாட்டேங்குது. பள்ளம் வை."

"என்னது?"

"என் பல்லுல இருந்துச்சே, அந்தப் பள்ளம். அதை வை."

"அத்தை!" வஸீமின் குரல் உடைந்தது. "நான் அஞ்சு வருஷம் படிச்சது பள்ளத்தை அடைக்க. வைக்க இல்ல! பள்ளம் வச்சா அந்த இடத்துல கேப்பு பலவீனமாகும், என்னைக்காவது தெறிக்கும். அப்பறம் ஊரே கேக்கும், இந்த உடைஞ்ச பல்ல யாரு போட்டான்னு. விதையக் கொறிக்கிறத விட்டுத் தொலைங்களேன். கடையில உரிச்ச பருப்பே விக்குது."

அவள் பொட்டலத்தை மடித்தாள், பிரித்தாள்.

"உங்க மாமாவுக்குப் பல் செட்டு போட்டது யாரு?"

"எங்கப்பா."

"உங்கப்பன்தான். மொத்தத்தையும் பிடுங்கிட்டுப் போட்டான். அன்னையிலேருந்து அவரால ஒரு விதைய உடைக்க முடியல. உடைச்சா செட்டு கிளம்பி விதையோட வெளிய வருது. ஒரு வாரம் பால்கனிக்கே வரல மனுசன். எட்டாவது நாள் நான் உடைச்சுக் கையில வச்சேன். பேசாம எடுத்துத் தின்னாரு. அன்னையிலேருந்து அப்படித்தான். ஒண்ணு அவருக்கு, ஒண்ணு எனக்கு. திரும்பிப் பாக்க மாட்டாரு. கைய மட்டும் நீட்டுவாரு. கடைப் பருப்பக் கிண்ணத்துல வச்சா அவருக்கு எதுக்குடா நானு?"

ஜுமானா எச்சில் குழாயை என் காதில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இன்ஸாஃப் அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "இவரு எதுக்கு அழுவுறாரு?"

"அழல அத்தை. மருந்து வாடை."

"அழுவுறாரு. நீங்களே சொல்லுங்க, சார். ஒரு பல்லு கேட்டா பத்தைத் தேய்க்க வர்றதும், இருந்த மாதிரியே குடுடான்னா வழவழன்னு குடுக்கிறதும் நியாயமா?"

"ஆ... ஆ" என்றேன்.

"பாத்தியா. அவரே சொல்லிட்டாரு."

என் அடைப்பை முடித்து என்னை எழுப்பினார்கள். நான் என் பையைத் தேடினேன், கிடைத்தது. மறுபடி தேடினேன். ஜுமானா முதுகில் கைவைத்துத் தள்ளினாள். கதவு மூடும் முன் நான் கண்டது இவ்வளவுதான்: வஸீமின் இடது கை விரல்களுக்கு நடுவே கழற்றிய கேப். வலது கையில் கருவி. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாயைத் திறந்து, இடம் காட்டிக்கொண்டு, காத்திருந்தாள்.

23.

முடிவுகள். கடையில் மூன்று இருக்கிறது, புரட்டிப் பாருங்கள்.

முதல் முடிவு, கலகலப்பாக: கல்யாண மண்டபம். மணமகனின் தாய் குலவையிட எழுகிறாள். மினாவில் அவள் குலவைக்கு மீன்களே மேலே வரும். நாக்கு சுழல்கிறது, லேசாக ஒட்டிய பல் கழன்று பறந்து, விளக்கில் பட்டு, மேளக்காரன் தலையில் தாவி, சம்பந்தியம்மாளின் எலுமிச்சைச் சாறில் விழுகிறது. சம்பந்தியம்மாள் குடிக்கிறாள். [எனக்குப் பிடித்த முடிவு. நடக்கவில்லை. நடந்திருந்தால் இந்தக் கதையை நான் எழுதியிருக்கத் தேவையில்லை, ஊரே பாடியிருக்கும்.]

இரண்டாவது, பத்திரிகைக்காரர்களுக்குப் பிடித்தது: கடைசி நாளில் மகன் காலைக் கட்டிக்கொண்டு கெஞ்ச அவள் இணங்கிவிடுகிறாள். பத்துப் பல்லும் வெள்ளை. கல்யாணம் முடிந்து மகன் விமானம் ஏறிய மாலை, ஹாஜியார் கடலைப் பார்த்தபடி கையை நீட்டுகிறார். கை அப்படியே இருக்கிறது. நீண்ட நேரம் —

[இங்கே நிறுத்திவிட்டேன். நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. நோவில்லாத பற்களைத் தேய்த்து மேலே அழகாக உறை போடுவது என்பது இதுதானே? இதற்கு அவள் என் விரலைக் கடிப்பாள்.]

மூன்றாவது: டாக்டர் மனம் திருந்துகிறார், பள்ளம் வைக்கிறார், எல்லோரும் — [உவ்வே.]

21.

இனி நடந்தது, எனக்குத் தெரிந்த வரையில்.

கல்யாணம் ஆகிச் சில வாரத்தில் நகர எல்லையில் விளம்பரப் பலகை ஏறியது. குடும்பமே சிரிக்கட்டும்! மாப்பிள்ளை சிரிக்கிறார், பெண் சிரிக்கிறாள், சம்பந்திகள் சிரிக்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் பறவைகள் இரவு தூங்குவதில்லை. நடுவில் இன்ஸாஃப். பத்தடி உயரத்தில், வாயை இறுக மூடிக்கொண்டு. தராபுலுஸின் மாபெரும் சிரிப்பு விளம்பரத்தில் பல்லைக் காட்டாத ஒரே முகம். இடது கன்னம் மட்டும் லேசாக உப்பியிருக்கிறது. அதற்குள் என்ன என்று மினாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வஸீமிடம் கேட்டேன். "கடைசியில பள்ளம் வச்சீங்களா?"

"நோயாளி ரகசியம்" என்றார். விரலில் தழும்பு அழகாக ஆறியிருந்தது.

பிறகு ஒரு மாலை அவள் பால்கனியின் கீழே போய் நின்றேன். மேலே போர்வை கொடியில் தொங்கியது. அதற்குப் பின்னால் இரண்டு நிழல். டிக், என்று கேட்டது. உடனே பகடை உருளும் சத்தமும் கேட்டது; ஹாஜியார் தாயம் போன்ற ஒரு பலகை ஆட்டமும் ஆடுவார், அதில் காயை வைக்கும்போதும் அதே டிக்தான். எது எதுவென்று பிரிக்க முடியவில்லை. தோல் விழுகிறதா என்று அண்ணாந்து பார்த்தேன். காற்று கடலுக்குத் திரும்பியிருந்தது.

"அம்மா!" என்று கூப்பிட்டேன்.

போர்வை விலகியது. "யாரு? அட, அழுமூஞ்சி சாரு!"

"உங்களப் பத்தி ஒரு கதை எழுதறேன். முடிவு தெரியணும்."

"என்ன எழுதியிருக்க?"

தெருவில் நின்றபடியே இரண்டாவது முடிவைச் சொன்னேன். பக்கத்து பால்கனிகளும் கேட்டன. ஹாஜியார் நீட்டிய கை வரை வந்ததும் மேலே இருந்து ஒரு செருப்பு வந்தது. (செருப்பு மிகை. அவள் கையை ஓங்கினாள்.)

"நான் தோத்துட்டேன்னா எழுதியிருக்க? பொறுக்கி! அவன் பல்ல விட்டான், நீ கதையத் தேய்க்க வந்துட்டியா?"

"அப்ப ஜெயிச்சீங்களா? பள்ளம் இருக்கா?"

"வாய மூடிக்கிட்டுக் கேக்கத் தெரியுதா உனக்கு? அன்னிக்கு வாயப் பொளந்துகிட்டு நல்லாக் கேட்ட."

உள்ளே ஹாஜியார் ஏதோ சொல்ல, அவள் திரும்பி, "வரேன் ஹாஜியாரே, கைய நீட்டிக்கிட்டே இருங்க" என்றாள். பிறகு காய்கறி வாங்கும் கூடையைக் கயிற்றில் இறக்கினாள். அடியில் இரண்டு காகிதப் பொட்டலம். ஒன்றில் உரித்த பருப்பு, ஒன்றுகூட நசுங்காமல், முழுசு முழுசாக. மற்றதில் உரிக்காத விதை.

"அது தின்ன. இது நீ உடைச்சுப் பழக" என்றாள். "புதுசா அடைச்ச பல்லாச்சே, பாத்து."

அந்தப் பருப்பு பல்லால் உரித்ததா, கையால் உரித்ததா, கடையில் வாங்கியதா? உப்பு நாக்கில் பட்டது. வேறெதுவும் எனக்குச் சொல்லவில்லை.

அண்ணாந்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், வாயை முழுக்கத் திறந்து. இந்த முறை வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. இருபத்தொன்றாம் பல்லை நான் தெளிவாகப் பார்த்தேன்.

சொல்ல மாட்டேன்.

உங்கள் நாக்கு இப்போது எங்கே போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். மேலே, இடது முன்பல், விளிம்பு. ஏதாவது தட்டுப்பட்டால், ஒரு சின்ன மேடு, ஒரு கீறல், எதையோ கடித்துக் கடித்து விழுந்த பள்ளம், அது யாருக்காக விழுந்தது என்று நினைத்துப் பார்த்து நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். வழவழவென்று இருந்தால், விதை என்னிடம் மிச்சமிருக்கிறது, வாருங்கள்.

கதை முழுக்க எத்தனையோ ஓட்டைகளை அடைத்தேன். இந்த ஒன்றை மட்டும் அடைக்க மாட்டேன்.